வரத்துக்கால் கணக்கு: கியூஜிஐஎஸ்ஸில் நான் எழுதிய செயற்கூறு ஒரு மணி இருபது நிமிடம் ஓடுகிறது

ஊருணிக்கரை:

வணக்கம். கானாடுகாத்தானிலிருந்து எழுதுகிறேன். ஊர்க்காரர்கள் சிலரோடு சேர்ந்து மூன்று ஆண்டுகளாக ஊருணிகளையும் அவற்றுக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்களையும் வரைபடத்தில் ஏற்றிவருகிறேன்.

செட்டிநாட்டுப் பக்கம் வராதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்கிற மழையைத்தான் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்ள வேண்டும். அதனால் ஊரைக் கட்டியவர்கள் வீட்டையும் ஊருணியையும் ஒரே கணக்கில் கட்டினார்கள். ஓட்டுக்கூரையில் விழும் மழை வளவு முற்றத்தில் இறங்கும். வீட்டுக்கு அடியில் போட்ட தூம்பு வழியாகத் தெருவோரக் காலுக்கு வரும். கால்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஊருணியில் போய் விழும். அந்தக் கால்களில் பல இன்று தார்ச்சாலைக்கு அடியில் கிடக்கின்றன, சில குப்பைமேட்டுக்கு அடியில். எந்த வீட்டுத் தண்ணீர் எந்தக் காலுக்கு உரியது என்ற பட்டியல் கையில் இருந்தால்தான், எந்த இடத்தில் தோண்டினால் எத்தனை வீட்டு நீர் ஊருணிக்குத் திரும்பும் என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து பேச முடியும். மழைக்கு முன்னால் எனக்கு அந்தப் பட்டியல் வேண்டும்.

ஒன்பது ஊர்கள் முடிந்திருக்கின்றன. வீடுகள் 11,300. கால்கள் துண்டு துண்டாக 4,200. வீடுகளைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் வரைந்தோம். அவை யூடிஎம் என்கிற ஆள்கூறு முறையின் 44 வடக்கு மண்டலத்தில், மீட்டர் கணக்கில் இருக்கின்றன. கால்களைக் கைப்பேசியும் கையுமாக நடந்தே பதிவு செய்தோம். ஆகவே அவை அட்சரேகை, தீர்க்கரேகையாக இருக்கின்றன.

கியூஜிஐஎஸ் என்கிற வரைபட மென்பொருளில், செயற்கூறு (ஃபங்ஷன்) எழுதும் பெட்டியில் பைத்தானில் ஒன்று எழுதினேன். இருபது வரிகூட வராது. அது ஒரு வீட்டை வாங்கிக்கொள்ளும். கால்கள் இருக்கும் வரைபட அடுக்கைப் பெயர் சொல்லித் தேடி எடுக்கும். ஒவ்வொரு காலாகப் படித்து யூடிஎம்முக்கு மாற்றி, வீட்டின் நடுப்புள்ளியிலிருந்து தூரம் பார்க்கும். எந்தக் கால் மிக அருகில் இருக்கிறதோ அதன் எண்ணைத் திருப்பித் தரும். அவ்வளவுதான். வீடுகளின் அட்டவணையில் ஒரு விர்ச்சுவல் புலம் வைத்து அதில் இந்தச் செயற்கூற்றைப் போட்டிருக்கிறேன்.

ஒரே ஓர் ஊரை வைத்துச் சோதித்தபோது ஒரு நிமிடத்தில் முடிந்தது. ஒன்பது ஊருக்கு ஒன்பது நிமிடம் ஆகும் என்று நினைத்தேன். ஒரு மணி இருபது நிமிடம் ஆகிறது. அதுவும் ஒரு தடவையோடு போவதில்லை. அட்டவணையைத் திறக்கும்போதெல்லாம் கணினி மறுபடி உறைந்து நிற்கிறது. ஒரு வீட்டின் கதவு எண்ணைத் திருத்துவதற்காகத் திறந்துவிட்டு, சமையலை முடித்துவிட்டு வந்து பார்த்தேன். அப்போதும் நின்றபடியே இருந்தது.

பைத்தான் இன்டர்பிரெட்டர் வழியாக ஓடுகிற மொழி, அதனால்தான் மெதுவு, சி பிளஸ் பிளஸ்ஸில் எழுது என்கிறார் ஒருவர். பைத்தானை வேகமாக்கும் நம்பா நூலகத்தைப் போட்டால் பறக்கும் என்கிறார் இன்னொருவர். எனக்கு சி பிளஸ் பிளஸ் தெரியாது. கற்றுக்கொள்ள மனம் இருக்கிறது. ஐப்பசிக்குள் அது நடக்காது. எங்கே தவறு செய்கிறேன் என்று சொல்லுங்கள்.

கண்மாய்க்கணக்கு:

வணக்கம். கேள்வியிலேயே விடையின் பாதியை எழுதிவிட்டீர்கள். ஓர் ஊருக்கு ஒரு நிமிடம், ஒன்பது ஊருக்கு எண்பது நிமிடம். ஒன்பதை ஒன்பதால் பெருக்கினால் 81. ஊர் சேரும்போது வீடும் பெருகுகிறது, காலும் பெருகுகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் எல்லா ஊர்க் கால்களையும் பார்க்கிறீர்கள். பள்ளத்தூர் வீட்டுக்கு ராயவரத்துக் கால் எத்தனை மீட்டர் என்று அளப்பதில் என்ன பயன்? 11,300 வீடு, 4,200 கால்: 4 கோடியே 74 லட்சம் ஒப்பீடு. எண்பது நிமிடத்தை அதால் வகுத்தால் ஓர் ஒப்பீட்டுக்கு ஒரு விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஆகிறது. பைத்தானுக்கு இது மோசமான வேகமே இல்லை.

இப்போது சி பிளஸ் பிளஸ்ஸுக்கு வருவோம். அதில் எழுதிப் பத்து மடங்கு வேகம் கிடைத்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எண்பது நிமிடம் எட்டாகும். செட்டிநாட்டு ஊர்கள் 96 என்று இருந்து இன்று எழுபத்துச் சொச்சம் என்கிறோம். எழுபத்திரண்டு ஊரையும் ஏற்றிவிட்டால் இப்போதைப்போல எட்டு மடங்கு ஊர், அறுபத்து நான்கு மடங்கு வேலை. எட்டு நிமிடம் எட்டரை மணி நேரமாகிவிடும். மொழியை மாற்றியும் வழி மாறவில்லை என்றால் இதுதான் கதி.

இன்னொன்றும் உண்டு. கியூஜிஐஎஸ் உள்ளுக்குள் சி பிளஸ் பிளஸ்ஸில்தான் எழுதப்பட்டிருக்கிறது. தூரம் பார்க்கச் சொன்னால் அந்தக் கணக்கைப் போடுவது ஜியோஸ் நூலகம். அதுவும் சி பிளஸ் பிளஸ்தான். பைத்தான் செய்வது ஏவுகிற வேலை. ஏவுவதை 4 கோடி தடவை செய்வதுதான் நேரத்தைத் தின்கிறது. பந்திக்கு நூறு இலை வேண்டுமென்றால் யாரும் நூறு தடவை வாழைத்தோட்டத்துக்குப் போவதில்லை. உங்கள் செயற்கூறு ஒவ்வொரு வீட்டுக்கும் தோட்டத்துக்குப் போய், எல்லா இலையையும் அறுத்து, ஓர் இலையை வைத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிட்டு வருகிறது.

ஊகத்தில் எதையும் திருத்த வேண்டாம். முதலில் அளந்து பாருங்கள். நூறு வீட்டை மட்டும் எடுத்து, அதே வேலையைப் பைத்தான் கன்சோலில் ஓட்டுங்கள். பைத்தானோடு வரும் சிபுரொஃபைல் எந்தச் செயற்கூற்றில் எவ்வளவு நேரம் போகிறது என்று பிரித்துக் காட்டும். பிறகு இந்த வரிசையில் செய்யுங்கள். கால்களை ஒரே ஒருமுறை யூடிஎம்முக்கு மாற்றிப் புதிய அடுக்காகச் சேமியுங்கள். சேமித்ததைச் செயற்கூற்றுக்கு வெளியே ஒருமுறை படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக ஸ்பேஷியல் இன்டெக்ஸ், அதாவது எந்தக் கால் எந்த இடத்தில் இருக்கிறது என்ற தேடல் பட்டியல், கட்டுங்கள். அது இருந்தால் ஒரு வீட்டுக்கு அக்கம்பக்கத்துக் கால்களை மட்டும் பார்த்தால் போதும்.

விர்ச்சுவல் புலத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அதில் மதிப்பு எங்கும் சேமிக்கப்படுவதில்லை. கேட்கும்போதெல்லாம் புதிதாகக் கணக்கிடப்படும். உங்கள் அட்டவணை உறைவதற்கு அதுதான் காரணம். உண்மையான புலம் ஒன்றை வைத்து அதில் விடையை எழுதுங்கள்.

பிள்ளையார்பட்டி வழி:

நான் இதே வேலையை போஸ்ட்ஜிஐஎஸ் என்கிற வரைபடத் தரவுத்தளத்தில் செய்கிறேன். முதலில் நானும் வரிசைக்கு ஒருமுறை ஓடுகிற செயற்கூறு ஒன்றை அதன் பிஎல்பிஜி எஸ்க்யூஎல் மொழியில் எழுதித்தான் மாட்டிக்கொண்டேன். அதுவும் இன்டர்பிரெட்டர் வழியாகவே ஓடும். செயற்கூற்றையே எறிந்துவிட்டு, லேட்டரல் ஜாயினில் (ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துணைத் தேடல்) அருகாமைக் குறியால் வரிசைப்படுத்தி ஒன்றை மட்டும் எடுக்கச் சொன்னேன். கால்களின் அட்டவணையில் ஜிஸ்ட் வகை ஸ்பேஷியல் இன்டெக்ஸ் இருந்தால் அந்தக் குறி அதைப் பயன்படுத்திக்கொள்ளும். தூரம் கணக்கிடும் எஸ்டி டிஸ்டன்ஸ் செயற்கூற்றைப் போட்டு வரிசைப்படுத்தினால் இன்டெக்ஸ் சும்மா கிடக்கும், எல்லாத் தூரமும் கணக்கிடப்படும். அதே போல அந்த வரியில் காலின் வடிவத்தைச் சுற்றி ஆள்கூறு மாற்றத்தைப் போட்டாலும் இன்டெக்ஸ் உதவாது. மாற்றாத வடிவத்துக்குத்தான் அது கட்டப்பட்டிருக்கிறது. கண்மாய்க்கணக்கு சொன்னபடி முன்கூட்டியே மாற்றிச் சேமித்துவிடுவதுதான் எல்லா இடத்திலும் சரி.

ஊருணிக்கரை:

இருவருக்கும் நன்றி. நேற்று இரவு அளந்து பார்த்தேன். நூறு வீட்டுக்கு 42 விநாடி. அதில் ஆள்கூறு மாற்றத்துக்கு மட்டும் 19, கால்களைக் கோப்பிலிருந்து படிப்பதற்கு 13. நான் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்த தூரக் கணக்கு வெறும் 5 விநாடி! மிச்சம் சுற்றுக்கும் சில்லறைக்கும். தூரத்தை எப்படி வேகமாக்குவது என்று ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

கால்களை முன்பே யூடிஎம்முக்கு மாற்றியதும் 42 விநாடி 23 ஆனது. படிப்பதைச் செயற்கூற்றுக்கு வெளியே கொண்டுபோனதும் 10. இன்டெக்ஸ் கட்டியபின் நூறு வீட்டை அளக்கவே முடியவில்லை. 11,300 வீட்டையும் கொடுத்தேன். 4 விநாடி. நம்பாமல் இரண்டு தடவை ஓட்டினேன்.

ஆனால் விடை தவறாக வருகிறது. பழைய செயற்கூறு ஓர் ஊருக்குத் தந்த விடைகளைச் சேமித்து வைத்திருந்தேன். புதியதோடு ஒப்பிட்டால் முந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகள் மாறியிருக்கின்றன. வரைபடத்தில் நிறம் கொடுத்துப் பார்த்தேன். ஊருக்கு வடமேற்கே கண்மாய்க் கலுங்கிலிருந்து புறப்பட்டுத் தென்கிழக்கில் ஊருணிக்கு வரும் ஒரு நீண்ட கால் இருக்கிறது; உடைக்காமல் ஒரே கோடாகப் பதிவு செய்தது அது. மாறிய வீடுகள் ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரு காலில் போய் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தன் வாசலிலேயே, நான்கு மீட்டரில் கால் ஓடுகிற வீடுகூட, முந்நூறு மீட்டர் தள்ளியிருக்கிற இந்தக் காலைக் காட்டுகிறது. வேகம் கிடைத்து விடை போனால் எனக்கு என்ன லாபம்? இந்தப் பட்டியலை நம்பி ஒருவர் கடப்பாரையை எடுக்கப்போகிறார்.

தேவகோட்டை ரஸ்தா:

அக்கா, பழைய விடையை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தீர்களே, அதுதான் உங்களைக் காப்பாற்றியது. பலர் 4 விநாடியைப் பார்த்த சந்தோஷத்தில் அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

காரணம் இதுதான். அந்த இன்டெக்ஸ் காலின் உண்மையான வளைவு நெளிவை வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு காலையும் சுற்றி, வடக்குத் தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் ஒரு செவ்வகப் பெட்டி போட்டு, அந்தப் பெட்டியை மட்டும்தான் நினைவில் வைக்கிறது. தெருவோடு நேராகப் போகிற காலுக்குப் பெட்டி ஒல்லியாக இருக்கும், தொந்தரவில்லை. உங்கள் நீண்ட கால் வடமேற்கிலிருந்து தென்கிழக்குக்குக் குறுக்காக வருகிறது. அதன் பெட்டிக்குள் பாதி ஊர் அடங்கிவிடும். பெட்டிக்குள் இருக்கும் வீட்டுக்குப் பெட்டியின் தூரம் பூஜ்யம். வாசலில் ஓடுகிற காலுக்கு நான்கு மீட்டர். பூஜ்யம்தான் ஜெயிக்கும்.

திருத்த இரண்டு வழி இருக்கிறது. இன்டெக்ஸ் கட்டும்போதே வடிவங்களையும் சேர்த்து வைத்துக்கொள் என்று சொல்லும் ஒரு கொடி உண்டு. அதைக் கொடுத்தால் அருகில் இருப்பதைத் தேடும்போது உண்மையான வடிவத்திலிருந்தே தூரம் பார்க்கும். நினைவகம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும்; 4,200 காலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இன்னொரு வழி, இன்டெக்ஸ் தருகிற முதல் காலுக்கு உண்மையான தூரத்தைப் பார்த்துக்கொண்டு, வீட்டைச் சுற்றி அத்தனை மீட்டருக்கு ஒரு பெட்டி போட்டு, அதைத் தொடுகிற கால்களை எல்லாம் எடுத்து ஒப்பிடுவது. உண்மையிலேயே அருகில் உள்ள கால் அந்தப் பெட்டிக்கு வெளியே இருக்க முடியாது. பைத்தானின் ஷேப்லி நூலகத்திலோ வேறு நூலகத்திலோ எழுதும்போதும் இந்த வழி கைகொடுக்கும்.

இன்னொன்றையும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 3.16 பதிப்பிலிருந்து கியூஜிஐஎஸ்ஸிலேயே ஓவர்லே நியரஸ்ட் என்று ஒரு செயற்கூறு இருக்கிறது. வீடுகளின் நடுப்புள்ளிகளை ஓர் அடுக்காக எடுத்துக்கொண்டு, இரண்டு அடுக்கும் ஒரே ஆள்கூறு முறையில் இருந்தால், ஃபீல்டு கால்குலேட்டரில் ஒரே வரியில் உங்கள் வேலை முடியும். உள்ளே இன்டெக்ஸோடுதான் ஓடுகிறது. உங்கள் கையால் எழுதியதை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், இரண்டும் ஒன்றாக வந்தால் நிம்மதி.

நம்பாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது எண்களின் வரிசைமேல் ஓடுகிற சுற்றைக் கம்பைல் செய்து தரும். கியூஜிஐஎஸ் வடிவப் பொருள்களை அதனால் தொடவே முடியாது. இந்த வேலைக்கு அது வேண்டாம்.

இரண்டாம் கட்டு:

அம்மா, நான் நிரல் எழுதுகிறவன் அல்லன். நிலமட்டம் பார்க்கும் லெவல் கருவியும் அதன் அளவுகோலான ஸ்டாஃபும் தூக்கி முப்பது ஆண்டு அலைந்தவன். நீங்கள் எல்லோரும் அருகில் இருக்கிற கால் எது என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். தண்ணீர் அருகில் இருக்கிற இடத்துக்குப் போகாது, தாழ்வான இடத்துக்குத்தான் போகும். நம் பக்கத்துப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நிற்கின்றன. நடுப்புள்ளி எடுத்தால் அது இரண்டு தெருவுக்கும் ஏறக்குறைய ஒரே தூரம். அரை மீட்டர் இப்படி அப்படி இருந்தால் விடை மாறிவிடும். வளவு முற்றத்துத் தூம்பு எந்தப் பக்கம் வாய் திறந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

உயர வரைபடத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். 2000ஆம் ஆண்டு விண்கலத்திலிருந்து எடுத்த எஸ்ஆர்டிஎம் தரவில் ஒரு கட்டம் ஏறத்தாழ முப்பது மீட்டர். உயரமோ முழு மீட்டரில்தான் இருக்கும். தெருவின் வாட்டம் விரற்கடைக் கணக்கு. அதில் தெரியாது.

ஊருணிக்கரை:

இரண்டாம் கட்டு ஐயாவுக்கு முதல் வணக்கம். எனக்குத் தெரிந்திருக்க வேண்டியதை நீங்கள் சொல்லவேண்டியதாயிற்று.

முதலில் கணக்கை முடித்துவிடுகிறேன். அந்தக் கொடியைக் கொடுத்து இன்டெக்ஸை மறுபடி கட்டினேன். ஓவர்லே நியரஸ்டையும் வீடுகளின் நடுப்புள்ளி அடுக்கில் ஒரே வரியில் ஓட்டினேன். இரண்டும் பழைய செயற்கூற்றின் விடையும் அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்றுபோல் வந்துவிட்டன. இரண்டு வீட்டைத் தவிர. அந்த இரண்டு வீடும் கால்துண்டுகள் இணைகிற முனையில் இருக்கின்றன, இரண்டு துண்டுக்கும் ஒரே தூரம். ஒன்பது ஊருக்கும் சேர்த்து இப்போது 6 விநாடி. விர்ச்சுவல் புலம் போய்விட்டது, அட்டவணை உடனே திறக்கிறது.

பிறகு ஐயா சொன்னதைச் சோதிக்க நேற்றுக் காலை எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டுக்குப் போனேன். முகப்பிலிருந்து பின்வாசல் வரை எழுபது மீட்டருக்குக் குறையாது. என் பட்டியல் முன்தெருக் காலைச் சொல்கிறது. வீட்டில் ஆச்சி மட்டும்தான் இருந்தார்கள். தூம்பு எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டேன். பேச்சே இல்லாமல் அடுப்படிக்குப் போய் ஒரு பிடி மஞ்சள்பொடியைக் கொண்டுவந்து, குடத்துத் தண்ணீரில் கரைத்து, முற்றத்து மூலையில் இருக்கும் கல்துளையில் ஊற்றச் சொன்னார்கள். ஊற்றிவிட்டு முன்வாசலுக்கு ஓடினேன். ஒன்றும் வரவில்லை. பின்தெருவுக்கு ஓடினேன். சுவரின் அடியில், புல் மூடிக் கிடந்த ஒரு துளையிலிருந்து மஞ்சள் தண்ணீர் நூல்போல இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு குடம் ஊற்றியபின் காலின் பழைய செங்கல் தளம் தெரிந்தது. அங்கிருந்து இருபதடி தள்ளி அதன்மேல் யாரோ சிமெண்டுப் படி கட்டியிருக்கிறார்கள்.

ஆகவே வழியை மாற்றிவிட்டேன். வீடுகளின் அடுக்கோடு தூம்பு வாய் என்று தனிப் புள்ளி அடுக்கு ஒன்று சேர்த்திருக்கிறேன். தூம்பு வாய் தெரிந்த வீட்டுக்கு அங்கிருந்து தூரம் பார்க்கும். தெரியாத வீட்டுக்கு நடுப்புள்ளியிலிருந்து பார்த்து, முதல் இரண்டு கால்களுக்கும் இடையே ஐந்து மீட்டருக்குக் குறைவான வித்தியாசம் இருந்தால் சந்தேகம் என்று குறித்துவிடும். ஒன்பது ஊரிலும் அப்படிச் சந்தேகமானவை 1,140 வீடுகள். எல்லா வீட்டிலும் குடம் ஊற்ற வேண்டியதில்லை, இவற்றில் ஊற்றினால் போதும்.

எண்பது நிமிடம் ஓடிக்கொண்டிருந்தவரை வாரத்துக்கு ஒருமுறைதான் பட்டியலைப் புதுப்பித்தேன். இப்போது சாயங்காலம் வீடு திரும்பியதும் அன்றைக்குப் பார்த்த தூம்பு வாய்களை ஏற்றிவிட்டு, மறுநாளுக்கு எந்தத் தெருவில் சந்தேகம் அதிகம் என்று உடனே பார்த்துவிட முடிகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நான்கு பேர் சனி, ஞாயிறு கூட வருகிறேன் என்கிறார்கள்.

ஐயா, ஒரு வேண்டுகோள். சிமெண்டுப் படிக்கு அடியில் கால் அடைபட்டிருக்கிறதா, வாட்டம் கெட்டிருக்கிறதா என்று பார்க்க உங்கள் லெவல் கருவியோடு ஒருநாள் கானாடுகாத்தானுக்கு வர முடியுமா? சாப்பாடு எங்கள் வீட்டில்.

இரண்டாம் கட்டு:

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வருகிறேன். ஸ்டாஃப் பிடிக்க ஒரு பையனை மட்டும் ஏற்பாடு செய்துவையுங்கள். ஆச்சி வீட்டுப் பின்தெருவிலிருந்தே தொடங்குவோம். ஊருணிப் படித்துறை வரை ஒரே மூச்சில் அளந்துவிடலாம்.